கோர்கனின் கழுத்து

ஹோமரின் காவியங்களில் கோர்கன் ஒரு தலை மட்டுமே. உடலைப் பற்றியோ பிறந்த இடத்தைப் பற்றியோ அங்கே பேச்சில்லை. இலியட்டில் அந்தத் தலை அதீனாவின் மார்புக் கவசத்திலும் அகமெம்னோனின் கேடயத்திலும் பதிந்திருக்கிறது. ஒடிசியில், இறந்தோரின் நிழல்களோடு பேசிக்கொண்டிருக்கும் ஒடிசியஸ், பாதாளத்து அரசி பெர்செஃபொனி அந்தத் தலையைத் தன்மேல் ஏவிவிடுவாளோ என்ற பயத்தில் கப்பலுக்குத் திரும்பிவிடுகிறான். அதை வெட்டியது யார், எதற்காக என்பதை ஹோமர் சொல்வதில்லை. கி.மு. 700ஐ ஒட்டிப் பாடிய ஹெசியட்தான் தலைக்கு உடலும் குலமும் தருகிறார். ஃபோர்கிஸுக்கும் கீட்டோவுக்கும் பிறந்த மூன்று சகோதரிகள்: ஸ்தென்னோ, யூரியாலி, மெதூசா. மற்ற இருவருக்கும் சாவு கிடையாது, மெதூசாவுக்கு மட்டும் உண்டு. பொசைடன் அவளோடு கூடியது வசந்தகாலப் பூக்கள் மலர்ந்த புல்வெளியில் என்று ஒரு குறிப்பு வருகிறது. அடுத்த மூச்சிலேயே பெர்சியஸ் அவள் தலையைக் கொய்துவிடுகிறான், அறுந்த கழுத்திலிருந்து பெகாசஸ் என்ற குதிரையும் கிரிசாவோர் என்ற வீரனும் எழுகிறார்கள். விபரீதப் பிறவிகளின் வம்சாவளியை அடுக்கிக்கொண்டு போகிறவர் நடுவில் ஏன் பூக்களைச் சொல்கிறார் என்பது விளங்குவதில்லை. பின்வந்த நூற்றாண்டுகளில் மெதூசா கோயில் காவலானாள், அழகியானாள், வெறும் உலோகச் சிலைக்கு இட்ட பெயரானாள், வன்முறைக்கு ஆளானவளும் ஆனாள். அவளுக்குப் பொருள் சொன்னவர்கள் ஒன்றில் மட்டும் கை வைக்கவில்லை: ஏறக்குறைய எல்லா வடிவங்களிலும் அந்தக் கழுத்து அறுபடுகிறது. அரக்கரின் குறியீட்டுப் பொருள் காலந்தோறும் மாறியது என்று சொல்லி முடித்துவிடும் விளக்கங்கள் போதாமல் போவது இந்த இடத்தில்தான்.

கி.மு. 7ஆம் நூற்றாண்டின் குயவர்களுக்குக் கோர்கன் எப்படி இருப்பாள் என்று தெரிந்திருக்கவில்லை. எலியூசிஸில் கிடைத்த 1.42 மீட்டர் உயரச் சாடியில் பெர்சியஸைத் துரத்தும் இரு சகோதரிகளுக்கும் வெண்கலக் கொப்பரைகளைத் தலைகளாக வைத்தது போலிருக்கிறது. கொப்பரையைச் சுற்றிப் பாம்புகள் தலை நீட்டுகின்றன. தலையற்ற மெதூசா பின்னால் பூக்களிடையே கிடக்கிறாள். அதே சாடியின் கழுத்துப் பகுதியில் ஒடிசியஸும் தோழர்களும் ஒற்றைக் கண் அரக்கன் பாலிஃபீமஸின் கண்ணில் கழியைச் செருகுகிறார்கள். இத்தனை கொடூரத்தையும் சுமந்த அந்தச் சாடிக்குள் வைத்து ஒரு சிறுவனை அடக்கம் செய்திருந்தார்கள். அந்த உருவங்கள் பிள்ளைக்குக் காவலாக நின்றனவா, அல்லது கைக்குக் கிடைத்த பெரிய பாண்டம் அதுதானா என்பதை மண் சொல்லாது. ஏறத்தாழ அதே காலத்தில் போயோஷியாவில் செய்யப்பட்டு இன்று லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு தாழியில் மெதூசா நீண்ட உடை உடுத்திய பெண், பின்பாதி குதிரை. பாம்புகள் எதுவும் இல்லை. கோர்கனின் முகத்தைப் பார்ப்பவர் கல்லாவார் என்பதால் பெர்சியஸ் முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு அவள் கழுத்தில் கத்தியை வைக்கிறான். அவள் கோர்கன் என்பதற்கு அங்கே இருக்கும் ஒரே அடையாளம் கொல்பவனின் திரும்பிய முகம்தான். அரக்கத்தன்மை அரக்கியின் உடலில் இல்லாமல் பார்க்க மறுப்பவனிடம் எழுதப்பட்டிருக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று அது.

அடுத்த நூற்றாண்டுக்குள் உருவம் நிலைபெற்றுவிடுகிறது: வட்ட முகம், பிதுங்கிய கண்கள், கோரைப்பற்கள், மோவாய்வரை தொங்கும் நாக்கு. கோர்ஃபு தீவில் கி.மு. 580ஐ ஒட்டிக் கட்டப்பட்ட ஆர்ட்டெமிஸ் கோயிலின் முகப்பு முக்கோணத்தில், இடுப்பில் பாம்புகளை முடிச்சிட்டு முழங்கால் மடக்கி ஓடும் நிலையில் மெதூசா ஆளுயரத்தை மீறி நிற்கிறாள். அவள் சாவுக்குப் பின்னர் பிறக்க வேண்டிய பெகாசஸும் கிரிசாவோரும் அவளுக்கு இருபுறமும் ஏற்கெனவே நிற்கிறார்கள். கதையின் முன்பின் அங்கே பொருட்டில்லை. வருகிறவரை எதிர்கொண்டு தடுப்பதே அவள் வேலை. கிரேக்க ஓவியர்கள் மனிதர்களையும் தெய்வங்களையும் பெரும்பாலும் பக்கவாட்டில் வரைந்தார்கள். கோர்கனோ நேருக்கு நேர் பார்த்தாள். கேடயம், கூரை ஓடு, குயவனின் சூளை, நாணயம் என்று கண்ணேறு பட்டுவிடக் கூடாத இடங்களிலெல்லாம் அந்த முகம் ஏறியது. மதுக் கிண்ணங்களின் உட்பக்க அடியிலும் அதைத் தீட்டினார்கள். மது குறையக் குறைய கருஞ்சிவப்புத் திரவத்துக்கு அடியிலிருந்து பிதுங்கிய கண்கள் மேலே வரும். குடித்து முடித்தவன் கோர்கனோடு முகம் பார்த்துக்கொள்வான். அது எச்சரிக்கையா, விருந்துக்கூடத்துக் கேலியா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பிரெஞ்சு அறிஞர் ழான்-பியேர் வெர்னான் அந்த முகத்தை மரணத்தின் முகமாகப் படித்தார். அந்த வாசிப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. மெதூசாவின் ரத்தத்தில் ஒரு பங்கு கொல்லும், மறு பங்கு நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கையை யூரிப்பிடீஸ் பயன்படுத்துகிறார். மருத்துவத் தெய்வமான அஸ்கிளிபியஸ் இறந்தவர்களை அந்த ரத்தத்தைக் கொண்டே பிழைக்கவைத்தான் என்றும் பிற்கால நூல் சொல்கிறது. கொல்லப்பட்டவளைக் கிரேக்கர் தூக்கி எறியவில்லை. முகத்தைக் கதவிலும் ரத்தத்தைக் குப்பியிலும் வைத்துக்கொண்டார்கள்.

ஒற்றைக் கண் பாலிஃபீமஸின் கதை வேறு வகை அச்சத்திலிருந்து வருகிறது. ஒடிசியின் ஒன்பதாம் பகுதியில் ஒடிசியஸ் அவனை அறிமுகப்படுத்தும்போது கண்ணைப் பற்றிச் சொல்வதில்லை. அந்த இனத்தாருக்குச் சபை கிடையாது, சட்டம் கிடையாது, உழவு கிடையாது, கப்பல் கட்டத் தெரியாது என்பதைத்தான் முதலில் அடுக்குகிறான். அவர்கள் கரைக்கு எதிரிலுள்ள தீவில் நல்ல மண்ணும் ஊற்று நீரும் துறைமுகமும் இருந்தும் யாரும் குடியேறவில்லை என்று வியக்கிறான். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் கிரேக்கர் சிசிலியிலும் தென் இத்தாலியிலும் நிலம் தேடிக் குடியேறிக்கொண்டிருந்தார்கள் என்பது தெரிந்தவர்களுக்கு அந்த வியப்பு வேறு மாதிரி ஒலிக்கும். பயன்படுத்தத் தெரியாதவன் கையில் இருக்கும் நிலம் என்ற பேச்சு பின்னாளைய குடியேற்றங்களிலும் கேட்ட பேச்சுத்தான். பாலிஃபீமஸ் ஆட்களைத் தின்கிறான். விருந்தினரைப் போற்றும் அறத்தைக் காலில் மிதிக்கிறான். ஆனால் அவன் குகையில் பாலாடைக்கட்டிகள் கூடைகளில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன, குட்டிகள் வயதுவாரியாகப் பிரித்து அடைக்கப்பட்டிருக்கின்றன. கண் போன பிறகு, வழக்கமாக முன்னால் போகும் கிடா அன்று கடைசியாக வருவதைத் தடவிப் பார்த்து, எஜமானின் கண்ணுக்காக வருந்துகிறாயா என்ற பொருள்பட அதனிடம் பேசுகிறான். அந்தக் கிடாவின் வயிற்றடியில்தான் ஒடிசியஸ் தொங்கிக்கொண்டிருக்கிறான். கதை சொல்பவன் ஒடிசியஸே. தன் எதிரியின் அன்பை அவன் மறைக்காமல் சொல்கிறானா, அல்லது அந்த அன்பு ஏமாளியின் அடையாளமாக அவனுக்குச் சிரிப்பு மூட்டுகிறதா என்று தீர்மானிக்க முடிவதில்லை.

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஸ்டெசிகோரஸ் அந்தச் சந்தேகத்தை முழுக் காவியமாக்கினார். மேற்குக் கடலில், இன்றைய ஸ்பெயினின் காதிஸ் பக்கம், எரித்தியா தீவில் சிவந்த மாடுகளை மேய்த்துக்கொண்டிருந்த மூவுடல் ஜெரியோனை ஹெராக்ளிஸ் கொன்று மந்தையை ஓட்டிக்கொண்டு வருவது அவன் பெருமைகளில் ஒன்று. ஸ்டெசிகோரஸ் அதை மந்தைக்காரன் பக்கத்திலிருந்து பாடினார். எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டிலிருந்து எடுத்த பப்பைரஸ் துண்டுகள் 1967இல் வெளியானபோதுதான் அந்தப் பாட்டின் சில பகுதிகள் வாசிக்கக் கிடைத்தன. தான் சாகப் பிறந்தவனா இல்லையா என்று ஜெரியோன் யோசிக்கிறான். அவனைப் பெற்ற கல்லிரோயி, பாலூட்டிய மார்பைக் காட்டிப் போரைத் தடுக்கப் பார்க்கிறாள். விஷ அம்பு பாய்ந்ததும் அவன் தலை இதழ் உதிர்க்கும் கசகசாப் பூவாகச் சாய்கிறது. இலியட்டில் இளவீரன் ஒருவன் சாவுக்குப் பயன்பட்ட உவமை, மூன்று உடல் கொண்ட ஒரு பிறவிக்கு வந்துசேர்கிறது. இதற்குமேல் ஓர் அரக்கனை மனிதனாக்க முடியாது. அதற்குப் பிறகும் ஹெராக்ளிஸ் மாடுகளை ஓட்டிக்கொண்டுதான் போனான்.

பாரசீகப் போர்களுக்குப் பின் அரக்கருக்கு அரசியல் வேலை கிடைத்தது. நூறு பாம்புத்தலை டைஃபோனை ஸீயஸ் வீழ்த்திய பழைய கதையைப் பிண்டார் கி.மு. 470இல் சிராக்யூஸின் மன்னன் ஹியரோனுக்காகப் பாடிய வெற்றிப்பாடலில் எடுத்தாண்டார். அவர் பாட்டில் டைஃபோனின் உடல் இத்தாலியின் கூமே கரையிலிருந்து சிசிலிவரை மண்ணுக்கடியில் நீண்டு கிடக்கிறது. எட்னா எரிமலை அவன் மார்பை அழுத்துகிறது. கூமேயில்தான் கி.மு. 474இல் ஹியரோன் எட்ரஸ்கன் கப்பற்படையைத் தோற்கடித்திருந்தான். எரிமலைக் குழம்பும் எதிரிநாட்டுப் படையும் ஒரே உடலின் இரு முனைகளாகிவிடுகின்றன. ஏதென்ஸில் இந்த வேலை, பாதி மனிதரும் பாதி குதிரையுமான கென்டார்களுக்கு விழுந்தது. பாரசீகர் கி.மு. 480இல் எரித்த குன்றின்மேல் எழுப்பப்பட்ட பார்த்தெனோனின் தென்புறச் சிற்பப் பலகைகளில், லாபித் மன்னன் பெய்ரிதோஸின் திருமணத்தில் குடித்துவிட்டுப் பெண்களை இழுக்கும் கென்டார்களோடு லாபித் இளைஞர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். பாரசீகர் என்ற பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. அந்த உருவங்கள் பாரசீகரைத்தான் குறிக்கின்றன என்பது பிற்கால வாசிப்பு, ஆனால் வலுவான வாசிப்பு. ஏதென்ஸைவிடப் பன்மடங்கு பரந்த, எழுத்தும் நிர்வாகமும் அரச நெடுஞ்சாலைகளும் கொண்ட ஒரு பேரரசைக் குடிவெறி கொண்ட குதிரை மனிதர்களாக நினைப்பதில் வென்றவனுக்கு ஓர் ஆறுதல் இருந்திருக்க வேண்டும். இருந்தும் சிற்பிகள் ஒரே மனதாக வேலை செய்யவில்லை. சில பலகைகளில் கென்டாரின் முகம் கூத்து முகமூடி; வேறு சிலவற்றில் வலியை அடக்கிய முதியவரின் முகம். அவர்களுக்குள் ஒருவனான கெய்ரோன், அக்கிலிஸுக்கு மருத்துவம் கற்பித்தவன், கென்டார்களிலேயே மிக நேர்மையானவன் என்று ஹோமரே சொல்லியிருந்தார். பார்த்தெனோனுக்கு நாலரை நூற்றாண்டு முந்திய, யூபியா தீவின் லெஃப்கண்டியில் கிடைத்த 36 சென்டிமீட்டர் சுடுமண் கென்டாரின் முழங்காலில் வேண்டுமென்றே கீறப்பட்ட ஒரு காயம் இருக்கிறது. கையில் ஆறு விரல்கள். உடல் ஒரு கல்லறையிலும் தலை இன்னொன்றிலும் இருந்தன. அவனை உடைத்து இரண்டு பேரோடு புதைத்தவர்களுக்கு அவன் எதிரியாக இருந்திருக்க முடியாது.

மரபில் ஒரே ஒரு முறை முடிவே மாறுகிறது. எஸ்கிலஸின் ஒரெஸ்டெயா முத்தொடர் கி.மு. 458இல் அரங்கேறியது. தாயைக் கொன்ற ஒரெஸ்டஸைத் துரத்திவரும் பழிவாங்கும் தெய்வங்களான எரினியஸ்கள் டெல்ஃபி கோயிலுக்குள் குறட்டைவிட்டுத் தூங்குவதைக் கண்ட பூசாரிணி, கோர்கன்கள் என்று சொல்லப்போய் அதுவும் பொருந்தாமல் ஹார்ப்பிகளோடு ஒப்பிடப் பார்க்கிறாள். அவர்கள் கண்களிலிருந்து சீழ் ஒழுகுகிறது. தலை வெட்டும் கொலைக்களத்துக்குப் போங்கள் என்று அப்போலோ விரட்டுகிறான். ஏதென்ஸின் அரியோபகஸ் குன்றில் வழக்கு நடந்து, வாக்குகள் சமமாகி, ஒரெஸ்டஸ் விடுதலையானதும் அவர்கள் நாட்டின் வயல்களையும் கருப்பைகளையும் மலடாக்குவோம் என்று கொதிக்கிறார்கள். அதீனா அவர்களைக் கொல்லவில்லை. உட்கார்ந்து பேசுகிறாள், இங்கேயே குடியிருங்கள், முதல் படையல் உங்களுக்கு என்கிறாள். பேச்சின் ஊடே, ஸீயஸின் இடி பூட்டிவைக்கப்பட்ட அறையின் சாவி இருக்குமிடம் தெய்வங்களில் தனக்கு மட்டுமே தெரியும் என்றும் ஒரு வார்த்தை விழுகிறது. சமாதானத்துக்கு அடியில் மிரட்டல் உண்டு. அதை மறைத்துவிட்டு இக்கதையைப் பாராட்டுவது நேர்மையாகாது. ஆனாலும் கடைசியில் அவர்களுக்குச் சிவப்பு ஆடை போர்த்தப்படுகிறது. ஏதென்ஸின் பெருவிழா ஊர்வலத்தில் நகரில் வாழும் அயலார் அணிந்துவந்த நிறம் அது. தீப்பந்தங்களோடு அவர்களைக் குன்றின் அடியிலுள்ள நிலவறைக்கு அழைத்துப் போகிறார்கள். அவர்கள் அழகாகிவிடவில்லை, அஞ்சத்தக்கவர்களாகவே நீடித்தார்கள். ஊருக்குள் அவர்களுக்கு ஓர் இடமும் பொறுப்பும் கிடைத்தன, அவ்வளவுதான்.

அதே நூற்றாண்டில் மெதூசாவுக்குக் கிடைத்தது இடமல்ல, அழகு. கி.மு. 490இல் அக்ராகஸ் நகரத்து இரட்டைக்குழல் கலைஞன் மிடாஸின் வெற்றியைப் பாடிய பிண்டார் அவளை அழகிய கன்னங்கள் உடையவளாகக் குறிப்பிடுகிறார். அவள் தலை போனபோது சகோதரி யூரியாலி எழுப்பிய ஓலத்தைக் கேட்டு, அதைப் போலவே ஒலிக்கும் குழலிசையை அதீனா உண்டாக்கினாள் என்பது அந்தப் பாட்டின் சேதி. போட்டியில் பரிசு வென்ற இசை ஒப்பாரியிலிருந்து பிறந்தது என்று ஒரு வெற்றிப்பாட்டில் சொல்லத் துணிவு வேண்டும். கி.மு. 450க்கும் 440க்கும் இடையில் பாலிக்னோட்டஸ் தீட்டியதாகக் கருதப்படும், இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் குடத்தில், மெதூசா சிறகுகள் கொண்ட இளம்பெண். கன்னத்தில் கைவைத்துக் குன்றுச்சரிவில் உறங்குகிறாள். பெர்சியஸ் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கத்தியை ஓங்குகிறான். கண் மூடிய அழகியைப் பார்க்க அவன் ஏன் பயப்பட வேண்டும் என்ற கேள்வியை ஓவியர் எழுப்பவே விரும்பினார் போலும். பெண்ணழகே ஆபத்து என்ற புதிய பயத்தின் குறி இது என்பார் உண்டு. இரக்கத்தின் குறி என்பாரும் உண்டு. இரண்டும் ஒரே தூரிகையில் இருக்கலாம். இந்தக் காலத்தில் மற்ற விபரீதப் பிறவிகளும் மென்மை பெறுகின்றன. ஒடிசியில் மாலுமிகளைப் பாட்டால் கொன்ற சைரன்கள், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸின் கெராமெய்கோஸ் இடுகாட்டில் ஆமையோட்டு யாழ் ஏந்தி இறந்தவருக்காகப் பாடுகிறார்கள். தீபஸில் இளைஞர்களைப் பலிகொண்ட ஸ்ஃபிங்க்ஸ் அதற்கு முன்பிருந்தே அட்டிகாவின் நடுகற்களின் உச்சியில் காவல் உட்கார்ந்திருந்தாள். இத்தாலியின் வுல்ச்சியில் கிடைத்த எட்ரஸ்கன் கிண்ணம் ஒன்றில், பசிஃபாயி தன் மடியில் காளைத்தலைக் குழந்தை மினோட்டாரை வைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் குழந்தைக்கு இன்னும் சிக்குவழி மாளிகை கட்டப்படவில்லை.

தத்துவவாதிகள் வேறு வழியில் கத்தியைக் கையிலெடுத்தார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பலைஃபாட்டஸ், நம்பமுடியாத கதைகளையெல்லாம் திரட்டி, கென்டார்கள் குதிரையேறக் கற்ற முதல் இளைஞர்கள், ஸ்ஃபிங்க்ஸ் கணவனைப் பிரிந்து மலையேறிய ஓர் அமேசான் பெண், கோர்கன் என்பது ஒரு பொற்சிலை என்று தீர்ப்பெழுதினார். இந்த விளக்கங்களில் எதுவும் மனதில் தங்குவதில்லை. கதையைக் கொன்றுவிட்டு அதன் தோலைக்கூட வைத்துக்கொள்ளாத வேலை அது. ரோமானியரான லுக்ரீஷியஸ் எபிகூரஸின் வழிநின்று இன்னும் கூர்மையாகக் கேட்டார்: மூன்று வயதில் குதிரை முழு வலிமை பெறுகிறது, அதே வயதில் மனிதக் குழந்தை தாய்ப்பாலைத் தேடுகிறது, இரண்டும் ஓருடலில் எப்படி வளரும்? ஹெராக்ளிஸ் கொன்றவை உயிரோடிருந்தாலும் யாருக்கும் கெடுதியில்லை, நெஞ்சைச் சுத்தம் செய்யாதவனின் ஆசையும் பயமும்தான் உண்மையான கொடுவிலங்குகள் என்பது அவர் முடிவு. இந்தத் திசையைப் பிளேட்டோ முன்பே காட்டியிருந்தார். ஃபைட்ரஸ் உரையாடலில் இலிசஸ் ஓடைக்கரையில், சில்வண்டுகள் இரையும் மரநிழலில், தண்ணீரில் காலை நனைத்தபடி வரும் சாக்ரடீஸ், கென்டாருக்கும் கிமைராவுக்கும் கோர்கனுக்கும் விளக்கம் தேடத் தனக்கு நேரமில்லை என்கிறார். தான் டைஃபோனைவிடச் சிக்கலான மிருகமா, சாதுவான பிராணியா என்பதே அவருக்குத் தெரிய வேண்டும். குடியரசு நூலின் ஒன்பதாம் பகுதியில் மனித ஆன்மாவே பலதலை விலங்கும் சிங்கமும் மனிதனும் ஒட்டிப் பிறந்த கலவையாகச் சித்திரிக்கப்படுகிறது. அரக்கன் உள்ளே வந்துவிட்டால் அவனைக் கொல்வது தற்கொலை. அதனால் பிளேட்டோ உழவனைப் போல வளர்ப்பையும் களையெடுப்பையும் பேசுகிறார். அங்கே கத்தி சற்றுத் தாழ்கிறது.

கி.பி. 8ஐ ஒட்டி ஓவிட் எழுதிமுடித்த உருமாற்றங்கள் என்ற லத்தீன் காவியம் மெதூசாவுக்கு முன்கதை தந்தது. அவள் கூந்தலழகி, நெப்டியூன் (ரோமானியரின் பொசைடன்) அவளை மினர்வாவின் (அதீனாவின்) கோயிலுக்குள்ளேயே வன்புணர்ந்தான், தெய்வம் கவசத்தால் தன் கண்ணை மறைத்துக்கொண்டு, குற்றம் செய்தவனை விட்டுவிட்டு அவள் கூந்தலைப் பாம்பாக்கியது. இன்று பெரும்பாலோர் அறிந்த மெதூசா இவள்தான். ஆனால் அந்தக் கதை காவியத்தில் யார் வாயிலிருந்து வருகிறது என்பது அதிகம் கவனிக்கப்படுவதில்லை. தன் திருமண விருந்தில், விருந்தாளி ஒருவன் கேட்டதற்குப் பதிலாக, பெர்சியஸே அதைச் சொல்கிறான். அவளுக்கு நேர்ந்தது முழுதும் அவனுக்குத் தெரியும். அவன் குரலில் தடுமாற்றம் இல்லை. அடுத்த பகுதியில் அதே விருந்து மண்டபத்தில் சண்டை மூள, அவள் தலையை உயர்த்திப் பிடித்து எதிரிகளைக் கல்லாக்குகிறான். பாதிக்கப்பட்டவளின் கதை கொன்றவனின் நினைவில் பத்திரமாக இருக்கிறது, அவள் தலை அவன் பையில் பத்திரமாக இருப்பதைப் போல.

இருபதாம் நூற்றாண்டு அந்தத் தலையை மறுபடி கையிலெடுத்தது. ஃபிராய்ட் 1922இல் எழுதி அவர் இறந்த பின் 1940இல் வெளியான சிறு குறிப்பில் அது ஆண்மகனின் காயடிப்பு அச்சமானது. எலென் சிக்ஸு 1975இல் எழுதிய கட்டுரையில் மெதூசா அழகாக இருக்கிறாள், சிரிக்கிறாள். அர்ஜென்டினச் சிற்பி லூசியானோ கர்பாத்தி 2008இல் வடித்த மெதூசாவின் ஒரு கையில் வாள், மறு கையில் பெர்சியஸின் தலை. 2020இல் அது நியூயார்க்கின் குற்றவியல் நீதிமன்றத்துக்கு எதிரிலுள்ள பூங்காவில் வைக்கப்பட்டபோது நீதி கிடைத்துவிட்டதாகப் பலர் மகிழ்ந்தார்கள். இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் கத்தி கைமாறியது. ஆனால் கழுத்து ஒன்று அறுபட்டாக வேண்டும் என்ற விதியை அந்தச் சிலையும் மீறவில்லை. அரக்கரை அழகாக்குவது, அவர்களுக்காக அழுவது, அவர்களை விளக்கித் தள்ளுவது, கொன்றவனைக் கொல்வது ஆகிய எல்லாமே முடிவைத் தொடாமல் பொருளை மட்டும் மாற்றும் வேலைகள். முடிவைத் தொட்டவர் எஸ்கிலஸ். அவரும் பூட்டிய அறையின் சாவியைக் காட்டித்தான் அதைச் செய்தார். கிரேக்கப் புராணத்திலிருந்து இனி ஒரு கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லித்தர வேண்டுமானால் பெர்சியஸின் வெற்றியை ஒத்திப்போட்டுவிட்டு எரினியஸ்கள் ஏதென்ஸில் குடியேறிய கதையைச் சொல்லலாம், அந்தச் சாவியை மறைக்காமல்.